கறுத்துப்போகாத எக்ஸ்ரே

ஃபிலிம் காலத்தில் எக்ஸ்ரே எடுத்தவரின் தவறை ஃபிலிமே காட்டிக்கொடுத்துவிடும். கதிர் கூடிப்போனால் நுரையீரல் இருக்கும் இடமெல்லாம் கரியாகிவிடும். குறைந்தால் எலும்பும் தசையும் ஒரே வெளிறலாகக் கிடக்கும். டார்க் ரூமிலிருந்து ஈரம் சொட்ட வந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிய மறுகணமே, கணக்கு சரியா தப்பா என்று டெக்னீஷியனுக்குத் தெரிந்துவிடும். டிஜிட்டல் எக்ஸ்ரே வந்ததும் இது நின்றுபோனது. எக்ஸ்ரே படத்தின் தரம் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

டிஜிட்டலால் வந்த நன்மை சிறியதல்ல. ஃபியூஜி நிறுவனம் 1980களில் சந்தைக்குக் கொண்டுவந்த சி.ஆர். (கம்ப்யூட்டட் ரேடியோகிராபி) முறையில் ஃபிலிமின் இடத்தைப் பாஸ்பர் தகடு பிடித்தது. அதில் பதிந்ததை லேசர் படிக்கும். பின்னால் வந்த டி.ஆர். (டிஜிட்டல் ரேடியோகிராபி) முறையில், தகடு இருக்கும் கேசட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலையும் போயிற்று. ஃபிலிம் ஏற்கும் கதிரளவு ஒரு குறுகிய எல்லைக்குள் அடங்கும். இவை ஏற்கும் எல்லையோ மிக அகலம். பருமனானவருக்கு ஒரு மதிப்பு, ஒல்லியானவருக்கு வேறொரு மதிப்பு என்று கண்ணால் பார்த்துப் போடும் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் படம் பாழாவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில், புரட்டக்கூட முடியாத நோயாளிக்குப் போர்ட்டபிள் கருவியில் எடுக்கும்போது இதன் அருமை தெரியும். அங்கே ஒரு ரிப்பீட் குறைந்தால் நோயாளிக்கு ஒரு முறை வலியும் கதிரும் மிச்சம்.

சிக்கலும் இதே தாராளத்தில்தான் இருக்கிறது. திரையில் தெரியும் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது இப்போது மென்பொருள். கதிர் பல மடங்கு கூடினாலும் சாம்பல் நிறத்தைச் சரிக்கட்டி அழகாகக் காட்டிவிடும். கதிர் குறைந்தால் மட்டும் படம் மணல் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாகும். அந்தப் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும், இயற்பியல் அப்படி. கதிரைக் கூட்டினாலோ படம் இன்னும் பளிச்சென்று வரும். புள்ளி விழுந்த படத்தைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட் முகம் சுளிப்பார். பளிச்சென்ற படத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் திட்டு விழாதோ அந்தப் பக்கம் கை சாய்வது இயல்பு. இப்படிச் சத்தமில்லாமல் அளவு ஏறுவதைத்தான் துறையில் ‘டோஸ் க்ரீப்’ என்கிறார்கள்.

காட்டிக்கொடுத்த ஃபிலிமின் கறுப்புக்கு மாற்றாக வைத்தது ஓர் எண். கருவியை எட்டிய கதிரளவைச் சொல்லும் அந்த எண்ணைப் படத்தின் ஓரத்தில் காணலாம். ஆரம்பத்தில் ஆளுக்கொரு கணக்கு: ஃபியூஜியின் எண் கதிர் ஏற ஏற இறங்கும், கோடாக்கின் எண் ஏறும். இரண்டு கம்பெனி கருவிகளும் இருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் எண்ணைப் பார்ப்பதையே கைவிட்டிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. 2008இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரே அளவுகோலை வகுத்தது. அதன்படி, இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும் ‘விலகல் எண்’ பூஜ்யம் என்றால் இலக்குக்குச் சரி. கூட்டல் 3 என்றால் இரண்டு மடங்கு. கழித்தல் 3 என்றால் பாதி. ஆனால் இந்த எண் நோயாளி உடலில் ஏறிய அளவு அல்ல. குறைந்த கிலோவோல்ட்டில் உடம்புக்கு அதிகக் கதிர் கொடுத்தும் அதே எண்ணை வாங்கிவிடலாம். இடுப்பில் உலோக மூட்டு இருந்தால் எண்ணே தடுமாறும். ஆக, அதை முழுக்க நம்பவும் முடியாது, பார்க்காமல் விடவும் முடியாது.

இதைவிட எனக்கு உறுத்துவது, எடுத்த பிறகு ஓரத்தை வெட்டும் பழக்கம். கதிர் விழும் பரப்பைச் சுருக்கினால் உடலுக்குள் சிதறும் கதிர் குறையும், படத்தில் வேறுபாடு தெளியும். சிதறலைத் தடுக்கவே 1913இல் குஸ்டாவ் பக்கி கிரிட் என்னும் தடுப்பை உருவாக்கினார். எக்ஸ்ரே மேஜையை இன்றும் ‘பக்கி டேபிள்’ என்றுதான் அழைக்கிறோம். கிரிட் போட்டால் கதிரையும் கூட்ட வேண்டும். பரப்பைச் சுருக்குவதற்கோ செலவே இல்லை. ஆனால் முதுகெலும்புக்கு வந்தவரின் வயிறு முழுவதையும் திறந்து எடுத்துவிட்டு, திரையில் கறுப்பு ஓரம் கட்டிவிட்டால் பார்ப்பவருக்கு அது ஒழுங்காகச் சுருக்கி எடுத்த படம். சிதறல் சிதறல்தான், வாங்கிய கதிரும் வாங்கியதுதான்.

மென்பொருளால் தொடவே முடியாதவையும் உண்டு. நின்றபடி 180 செ.மீ. தூரத்தில், முதுகுப் பக்கமிருந்து எடுக்கும் மார்புப் படத்தில் இதயம் ஏறக்குறைய உள்ள அளவில் விழும். படுக்கையில் முன்பக்கமிருந்து, கிட்டத்தில் எடுத்தால் வீங்கித் தெரியும். எத்தனை லட்சம் போட்டு வாங்கிய டி.ஆர். கருவியும் இதைத் திருத்தாது. “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கய்யா” என்று சொல்லிவிட்டு, பெரியவர் இழுக்கும் முன்பே பட்டனை அழுத்தினால் நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாகப் படிந்து, இல்லாத நிமோனியாவைக் காட்டும். சில வேளை மென்பொருளே கோளாறைச் சேர்க்கும்: விளிம்புகளை அதிகம் கூர்மையாக்கினால் உலோக மூட்டைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு விழுந்து, மூட்டு தளர்ந்துவிட்டதோ என்று சந்தேகிக்க வைக்கும்.

இத்தனையும் கடந்து வந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பெரிய எலும்பு முறிவுக்கு அது போதும். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்ததைக் காட்டும் மெல்லிய கோடு அதில் தப்பாது என்று சொல்ல முடியாது.

பழைய நாளில் கெட்டுப்போன ஃபிலிம்கள் மூலையில் குவியும். வெள்ளிக்காக விலைக்கு எடுத்துப் போவார்கள். குவியலைப் பார்த்தாலே எங்கே தவறுகிறோம் என்று ஓரளவு புரியும். இப்போது கெட்ட படம் ஒரே தட்டலில் அழிந்துவிடுகிறது. ஏன் நிராகரித்தீர்கள் என்று கேட்டுக் காரணங்களின் பட்டியலை நீட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. வாசலில் வரிசை நிற்கும்போது, பட்டியலில் முதலில் இருக்கும் காரணத்தைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதுதான் சுலபம். மாதம் ஒருமுறை அந்த நிராகரிப்புப் பதிவைத் திறந்து, ரேடியாலஜிஸ்ட்டும் டெக்னீஷியனும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குவது புதுக் கருவி வாங்குவதைவிட மலிவு. கருவிக்கு டெண்டர் விடும்போது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.