முன்பக்கம் வைட்டமின், பின்பக்கம் எண்

நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை ஒரு பிரதியாக வாசிக்கலாம். முன்பக்கம் கொட்டை எழுத்தில் பேசுகிறது: வைட்டமின், இரும்புச்சத்து, வளர்ச்சி. பின்பக்கம் பொடி எழுத்தில் முணுமுணுக்கிறது: 202, 319, 330. முன்பக்கம் தாயிடம் பேசுகிறது, பின்பக்கம் ஆய்வாளரிடம். இரண்டும் ஒரே வாய் என்பதுதான் என் பிரச்சினை.

முன்பக்கத்தில் வைட்டமின் சி என்று பெருமையோடு நிற்கும் அதே அஸ்கார்பிக் அமிலம், நிறம் மங்காமலிருக்கச் சேர்க்கப்படும்போது 300 என்ற எண்ணாகப் பின்பக்கத்தில் ஒடுங்கிவிடும். வைட்டமின் ஈயும் அப்படித்தான். எண்ணெயைக் காக்கும் வேலையில் அதன் பெயர் 307. பொருள் ஒன்று, பெயர் இரண்டு. ஆகவே 'கெமிக்கல் கலக்குறான்' என்ற நம் வழக்கமான கூக்குரல் போதாது. எதற்காக, யாருடைய தேவைக்காகக் கலக்கிறான் என்று கேட்க வேண்டும்.

பண்டத்துக்குக் காலமும் தூரமும் எதிரிகள். ஆலையில் செய்தது கிடங்கு, லாரி, பெட்டிக்கடைச் சரம் எல்லாம் தாண்டி விற்றாகணும். அதுவரை போட்ட முதல் திரும்பாது. சுற்றோட்டக் காலம் என்று மார்க்ஸ் பேசிய விஷயம் இங்கே எண்ணெயின் ஆயுளாக வந்து நிற்கிறது. 319 எண்ணெயில் சிக்குவாடை அடிப்பதைத் தள்ளிப்போடுகிறது, 202 பூஞ்சையைத் தடுக்கிறது. பூஞ்சை பிடித்ததைத் தின்பதற்கு இது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் மாசக்கணக்கில் கெடாமலிருக்க வேண்டிய அவசியம் தின்பவருடையது அல்ல, விற்பவருடையது.

வைட்டமின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. கோதுமையின் முளைக்கருவில் எண்ணெய் உண்டு. அதை விட்டுவைத்தால் மாவு சீக்கிரம் கெடும். அதனால் ஆலை முளையையும் தவிட்டையும் நீக்குகிறது. தயாமினும் இரும்பும் பெரும்பகுதி அதோடு போய்விடுகின்றன. அமெரிக்காவில் 1941இல் அவற்றை வெள்ளை மாவில் திருப்பிச் சேர்க்கத் தொடங்கினார்கள். அது நோய் தடுக்கும் பொதுநல ஏற்பாடு. அந்த நல்ல பெயரைத்தான் நொறுக்குத்தீனி வியாபாரம் இரவல் வாங்கியது. மிட்டாயிலும் சோடா பானங்களிலும் சத்து சேர்ப்பது பொருத்தமல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 1980இல் கொள்கை அறிவித்தது. வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை. சில மில்லிகிராம் வைட்டமினுக்கு ஆகிற செலவு சொற்பம். அது சர்க்கரையையோ உப்பையோ குறைக்காது. வாங்குபவரின் தயக்கத்தைக் குறைக்கும்.

இதற்கு மாற்றாக 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்கிற தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. புழுங்கலரிசி என்ன இயற்கையா? ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்துவது முழுக்கப் பதப்படுத்தல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில், தீட்டிய வெள்ளையரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் மடிந்தார்கள். புழுங்கலரிசி தின்ற தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிது. பிராடன் என்ற மருத்துவர் 1907இல் இதுபற்றி ஒரு நூலே எழுதினார். அரிசியில் சேரும் நஞ்சுதான் காரணம் என்று அவர் நினைத்தார். சத்துக்குறைவு என்பது பிறகே தெளிவானது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. சத்தை எடுத்துவிட்டுத் திருப்பி விற்காத, உள்ளேயே தங்கவைக்கிற தொழில்நுட்பம் அது. அதற்கு முன்பக்கமும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஆக, எதிர்க்க வேண்டியது பதப்படுத்தலை அல்ல, பறித்ததைப் பரிசாகக் காட்டும் சொல்லாடலை.

அயோடின் உப்பை எதிர்ப்பதும் என் வேலையல்ல. எல்லாரும் தின்கிற உப்பில் தேவையானதைச் சேர்ப்பது வேறு, தின்னவைப்பதற்காகச் சேர்ப்பது வேறு.

விடியுமுன் கூலிவேலைக்குக் கிளம்புகிற தாய், பிள்ளை கையில் அஞ்சு ரூபாய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். 'விழிப்புணர்வு இல்லை' என்று அவளுக்குப் பாடம் நடத்துகிறோமே, அவள் நேரம் எங்கே போனது என்று கேட்டோமா? சுண்டல் அவிக்கிற அரைமணியையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். முளையை எடுத்ததுபோலவே. இந்த இரண்டு கணக்கும் பொட்டலத்தின் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. என்ன சேர்த்தாய் என்பதோடு, என்ன எடுத்தாய் என்றும் கேட்போம்.