பொய்க்கால் குதிரையின் நேர்மை

தஞ்சைப் பகுதியின் பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் ரகசியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. குதிரைக்கூட்டின் நடுவே ராஜா, ராணி வேடமிட்ட ஆட்டக்காரர்கள் இடுப்புக்கு மேல் முழுசாகத் தெரிகிறார்கள். கூடு அவர்கள் தோளில் தொங்குகிறது. சுற்றிய துணிக்குக் கீழே கட்டைக்கால்கள் தரையில் தட்டுகின்றன. அந்தத் தட்டல்தான், என் கணிப்பில், பாதி வேலையைச் செய்கிறது: காது குளம்பொலியை ஏற்றதும் கண்ணும் இணங்கிவிடுகிறது. இதை ஏமாளித்தனம் என்பவர்கள் உண்டு. ஆனால் நிஜமாக ஏமாந்தவன் குதிரைக்கு வழிவிட்டு ஒதுங்குவானே தவிர, கட்டைமேல் நின்று சுழலும் ஆட்டக்காரரின் சமநிலையை வியக்கமாட்டான். கூட்டமோ இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. குதிரை மிரண்டு பாய்ந்தால் சிரித்தபடியே பின்வாங்குகிறது. குழந்தைகள்? துணியைத் தூக்கிப் பார்க்கத் துடிப்பவர்களே அவர்கள்தான். பார்த்த பிறகும் அதைக் குதிரை என்றுதான் சொல்கிறார்கள். நிஜக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினால் (அதுவும் அழகுதான்) நம்புகிற வேலை நமக்கு மிச்சமிருக்காது.