வாசகர் ஹைக்கூக்களில் ‘நான்’: தன்னாய்வும் தன்மை விகுதியும்

தமிழ் இதழ்களுக்கு வாசகர்கள் எழுதும் ஹைக்கூக்களில் தன்னாய்வு மிகுதியாகப் பயிலும் பாடுபொருளாகும். கண்ணாடி, நிழல், முகமூடி ஆகியவை இவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவ்வகைக் கவிதைகளில் ‘நான்’ மிகுவதற்கு மொழியமைப்பைக் காரணம் காட்டலாம். ஜப்பானிய வினை தன்மை, முன்னிலை, படர்க்கை எனும் இடம் காட்டாது. ஆகவே அங்குப் பேசுபவர் மறைந்து நிற்க இயலும். தமிழ் வினைமுற்றோ விகுதியாலேயே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இது பாதி உண்மையே. விளக்கத்திற்கென இங்கு அமைத்துக்கொண்ட மாதிரி ஒன்றைக் காணலாம்:

ஊருக்கெல்லாம் வழிசொல்லி
நின்ற இடத்திலேயே நிற்கிறேன்
கைகாட்டி மரமாய் நான்

‘நிற்கிறேன்’ என்பதிலுள்ள ‘ஏன்’ விகுதியே தன்மை ஒருமையை உணர்த்திவிட்டது. ஈற்றில் வரும் ‘நான்’ கூறியது கூறல். எனினும் அதை எழுதுபவர் எளிதில் விடமாட்டார். முதலிரு அடிகளை விடுகதையாகவும் ஈற்றடியை அதன் விடையாகவும் கொள்ளும் பழக்கம் அவரைப் பற்றியிருக்கிறது. விடை தெரிந்த விடுகதையை எவரும் மறுமுறை கேட்பதில்லை. இனி, அதே பொருளை வேறுவகையில் அமைக்கலாம்:

எழுத்தழிந்த
கைகாட்டி மரம்
கார்கால மாலை

‘அழிந்த’ எனும் பெயரெச்சம் காலம் காட்டும், இடம் காட்டாது. வினையெச்சமும் தொழிற்பெயரும் இடம் காட்டாதனவே. பேசுபவரை மறைத்துக்கொள்ளத் தமிழ் இலக்கணம் போதிய இடம் தந்திருக்கிறது. வழிகாட்டியே வழியிழந்த நிலை சொல்லப்படாமலே நிற்பதால் வாசகர் தம்மை அதில் வைத்துப் பார்க்க இயல்கிறது. கருப்பொருளின் வழியே கூறாத பொருளொன்று குறிப்பாகப் புலப்படுவதை இறைச்சி என்று வகுத்த மரபினர்க்கு இது புதிதன்று.

இதனால் ஹைக்கூவில் ‘நான்’ விலக்கப்பட்டது என்று கொள்ளலாகாது. இஸ்ஸா (1763–1827) தம்மைக் குறித்து ஏராளமாகப் பாடியவர். பிள்ளைகளைக் குழவிப் பருவத்திலேயே இழந்தவர். ஆயினும் அவருடைய ‘நான்’ ஈக்கும் தவளைக்கும் குருவிக்கும் அருகில் சமமாக அமர்ந்திருப்பது. அவற்றை உவமையாக்கித் தன்னை உயர்த்திக்கொள்வதன்று. (பருவச்சொல் இன்றி மனித இயல்பை எள்ளும் சென்ரியு வகையில் தமிழ்க் கவிதைகள் பலவற்றை அடக்கலாம். பெயரை மாற்றுவதால் விடுகதைத்தன்மை நீங்கிவிடாது.)

1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையை அறிமுகம் செய்த பாரதியார் அதன் சொற்சுருக்கத்தைப் போற்றினார். 1980களில் தனித்தொகுப்புகள் வெளிவந்து வடிவம் பரவிய பின்னர் சுருக்கம் என்பது பெரும்பாலும் அடிக்கணக்காகவே எஞ்சியது. ஜப்பானிலும் ஹைக்கூ வாசகர் பங்களிப்பால் வளர்ந்ததே. 1897இல் தொடங்கிய ‘ஹொட்டோடோகிசு’ இதழில் வாசகர் அனுப்பியவற்றிலிருந்து தக்கஹாமா கியோஷி கடுமையாகத் தேர்ந்தெடுத்தார். அத்தேர்வே எழுதுவோர்க்குப் பயிற்சியாயிற்று. தமிழில் வாசகர் ஹைக்கூக்கள் பெரும்பாலும் இடம் நிரப்பவே வெளியிடப்படுகின்றன. தேர்வாளர் ஒருவர் இருந்து மேற்கண்ட முதல் மாதிரியைத் திருப்பியனுப்பினால், அவர் அடிக்க வேண்டியது ஈற்றிலுள்ள ஒரு சொல். அதன்பின் ‘நிற்கிறேன்’ என்பதை என்செய்வது என்று எழுதியவரே எண்ணத் தொடங்குவார்.