பழிகரப்பும் பசியும்

நகைப்பெல்லாம் மகிழ்ச்சியிற் பிறப்பதன்று. நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறிய தொல்காப்பியர், எள்ளலையே முதற்கண் வைத்தார். செய்யுளியலில் அங்கதத்தை வகுக்குமிடத்து, வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் என்றும், பழியை மறைத்து மொழிவதைப் பழிகரப்பு என்றும் இருவகைப்படுத்தினார். வறுமையையும் அரசியல் அநீதியையும் புலப்படுத்துதற்கு இவ்விரண்டனுள் எது வலியது என்பதே ஈண்டு நாம் நோக்கத்தக்கது.

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (95) பழிகரப்புக்குத் தக்க சான்று. நின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவன்மனையில் விளங்குகின்றன. எம் தலைவன் வேலோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றது என்கிறார் அவர். புகழ்ச்சி போல் தோன்றுவது போர் காணாதவன் என்னும் இகழ்ச்சியாய் முடிகின்றது. அவர் அவ்வளவில் நிற்கவில்லை. அதியமானை, உள்ளபோது உணவளித்து, இல்லாதபோது உடனிருந்து உண்ணும் வறியோர் சுற்றத் தலைவன் எனவும் கூறுகிறார். அரசனை அளக்கும் கோல் படைக்கலத்தின் பளபளப்பன்று, வறியவனின் உணவே என்பது இதனாற் பெறப்படும்.

மேனாட்டில் இந்நெறியைக் கடைபோக நடத்தியவர் யோனதன் சுவிஃப்ற். அயர்லாந்து மக்களின் பட்டினிக்குப் பரிகாரமாக, ஏழைகளின் குழந்தைகளைச் செல்வர்க்கு உணவாக விற்கலாம் என 1729இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நாட்டுநலம் விரும்பும் கணக்கறிஞன் போலத் தொகையும் விலையும் கூறிச் செல்லும் அக்குரல் இறுதிவரை மாறவில்லை. மனிதரை எண்ணாக மட்டும் கண்ட ஆட்சியின் மொழியையே எடுத்து, அதன் கொடுமையை அவர் காட்டினார்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934) வேறொரு வழி செல்கின்றது. தலைப்பே பழிகரப்பு. பஞ்சாலைத் தொழிலாளியான அம்மாளுவின் கணவன் காயமுற்றுக் கிடக்கின்றான். அவனுக்குப் பாற்கஞ்சி வார்க்கப் பணமில்லாமையால், அவள் அயலான் ஒருவனுடன் இருண்ட சந்தினுட் சென்று முக்கால் ரூபாவுடன் மீள்கின்றாள். கதையின் முடிவில் ஆசிரியர் மறைவினின்றும் வெளிவந்து, கற்புப் பேசுவோரை நேரே விளித்துச் சாடுகின்றார். பழிகரப்பு செம்பொருளாகி விடுகின்றது.

கலையமைதி இதனாற் கெட்டது எனச் சிலர் கூறக்கூடும். அது பொருந்தாது. ஆசிரியர் அவ்விடத்தில் வாளாவிருந்திருப்பின், வாசகர் அம்மாளுவைப் பழித்துத் தம் இல்லம் திரும்புதல் எளிது. அவ்வழியை அடைத்து, குற்றவாளிக் கூண்டில் வாசகரையே நிறுத்துகின்றது அவ்விளி. வேலைக்காரனின் பேச்சையும் பிச்சைக்காரனின் உடையையும் காட்டிச் சிரிப்பூட்டும் மேடை நகைச்சுவை இதற்கு நேர்மாறானது. அங்கே எள்ளப்படுபவன் ஏழை. இங்கே எள்ளப்படுபவர் அவன் வறுமைக்கு மேல் அறம் பேசுவோர். எள்ளல் எவர்மேற் பாய்கின்றது என்பதே அதன் தகுதியை உரைக்கும் கட்டளைக்கல்.

பொன்னகரங்கள் நமக்கும் அயலன அல்ல. 2009இல் போர் முடிந்த பின்னர்ப் பாசிக்குடாக் கரையிற் சுற்றுலா விடுதிகள் பல எழுந்தன. விளம்பரங்கள் அதனைச் சொர்க்கமென்றன. தோணி கரையேற்ற இடம் குறுகியதென மீனவர் முறையிட்டனர். அவ்விளம்பரச் சொல்லையும் அம்முறையீட்டையும் அருகருகே வைக்கும் எழுத்தாளனுக்கு அங்கதம் தானே வாய்க்கும். வசைமொழி தேடி அவன் அலைய வேண்டுவதில்லை.

அங்கதம் பசியைத் தீர்க்கும் என்று நாம் கூறவில்லை. சுவிஃப்ற்றின் நூலுக்குப் பின்னரும் 1740-41இல் அயர்லாந்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. ஆயினும், யாம் அறிந்திலேம் என்று ஆள்வோரும் கற்றோரும் கூறித் தப்புதற்கு அது இடம் வைப்பதில்லை. எழுத்தினால் ஆகக்கூடிய அறங்களுள் இது சிறியதன்று.