வெள்ளம் யாருடைய சொல்?

நம் சங்கங்களின் ஆண்டு மலர்களில் சொல்லாராய்ச்சிக் கட்டுரை ஒன்றாவது இல்லாமல் இராது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம் என்று பட்டியல். முடிவில், 'தமிழ்ச் சொல் மலையாளத்தில் பொருள் திரிந்தது' என்று தீர்ப்பு. அப்பட்டியல்களில் தவறாமல் வருவது 'வெள்ளம்'. நமக்குப் பெருக்கு, அவர்களுக்கு வெறும் தண்ணீர். ஆகவே திரித்தவர்கள் அவர்களாம். இதை நான் ஏற்பதில்லை.

595ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். நீர்ப்பூவின் தண்டு அது நிற்கும் நீரின் அளவு. மாந்தரின் உயர்வு அவர்கள் ஊக்கத்தின் அளவு. இங்கே நீருக்கு வள்ளுவர் ஆளும் சொல் வெள்ளம்தான். பரிமேலழகரும் நின்ற நீர் என்றே உரை சொல்கிறார். கரைபுரண்டு ஓடும் பெருக்கில் தாமரையா பூத்து நிற்கும்? அப்படியானால் மலையாளி சொல்லும் பொருள் நம் குறளிலேயே இருக்கிறது.

பெருக்கு என்பதும் புதுப்பொருள் அல்ல. தெலுங்கில் 'வெல்லுவ' என்றால் பெருக்குதான். கம்பர் வானரப் படையை எழுபது வெள்ளம் என்னும்போது அது ஒரு பேரெண். இரண்டு பொருளில் தமிழ் ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டது, மலையாளம் மற்றதை. கொல்லம் 1099இல், அதாவது 1924இல் வந்த பேரழிவை இங்குள்ளவர்கள் 'தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளப்பொக்கம்' என்பார்கள். நாமும் 'வெள்ளப்பெருக்கு' என்கிறோமே! வெள்ளமே பெருக்கு என்றால், பெருக்குக்கு ஏது பெருக்கு?

திரிபு என்று பேசப் புகுந்தால் நம் தண்ணீரையும் விட முடியாது. தண்மையான நீர்தான் தண்ணீர். அதைச் சூடாக்கி 'சுடுதண்ணி' என்கிறோம். அதை யாரும் பட்டியலில் சேர்க்கக் காணோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. ஸ்லாவிய மொழிகளில் 'பொஸோர்' என்றொரு சொல். 'பார்' என்னும் வேரிலிருந்து வந்தது. செக் மொழியில் அதற்குக் 'கவனம்' என்று பொருள். எச்சரிக்கைப் பலகைகளில் எழுதியிருப்பார்கள். ரஷ்ய மொழியிலோ 'அவமானம்', நாலு பேர் பார்க்கும்படி ஆகிவிட்ட நிலை. ஒருவர் மற்றவரைக் கெடுத்ததாகச் சொல்ல அங்கே இடமில்லை. பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் (1961, இரண்டாம் பதிப்பு 1984) நம் சொற்களை உடன்பிறப்புகளாகத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நம் பிள்ளைகள். அருவிக்கரையில் தேக்கிய கரமனையாற்று நீர் குழாயில் வருகிறது. கரமனைத் தமிழ் வீட்டில் 'கொஞ்சம் வெள்ளம் கொண்டாடா' என்றால் டம்ளரில் வரும். அதே பிள்ளை விடுமுறைக்குச் சென்னை போய், 'சித்தி, குடிக்க வெள்ளம்' என்று கேட்டால் வீடே சிரிக்கிறது. திரும்பி வந்த பிள்ளை தமிழ் பேசக் கூசுகிறது. சிரித்தவர்களாவது விளையாட்டாய்ச் சிரித்தார்கள். நம் பட்டியல்காரர்களோ அந்தச் சிரிப்புக்கு ஆராய்ச்சி முத்திரை குத்துகிறார்கள்.

அடுத்த மலருக்குப் பட்டியல் தயாரிப்பவர்கள் நடுவே மூன்றாவதாக ஒரு பத்தி போடட்டும்: கரமனையிலும் சாலையிலும் கோட்டைக்குள்ளும் நம் வீடுகளில் பேசுகிற தமிழ். 'வெள்ளம்' என்ற வரியில் அங்கே எதை எழுதுவது என்று பாட்டிகளைக் கேட்டால் போதும்.