நீலக் கொடியும் மணல்மேடும்

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போன பெண்கள் கழிப்பறை இல்லாமல் பட்ட பாட்டை அறிந்தவர்கள், நீலக் கொடித் திட்டத்தை எடுத்த எடுப்பில் குறை சொல்ல மாட்டார்கள். டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு ஒன்று 33 விதிகளைப் பார்த்துத் தரும் சான்றிதழ் இது. 2021-இல் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்துக்கும் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் கிடைத்தது. தண்ணீரைச் சோதிக்கிறார்கள், உயிர்காப்பாளர் நிற்கிறார். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால், ஒருமுறை வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடவும் முடியாது.

கோளாறு மணல்மேட்டில் இருக்கிறது. அலை எட்டும் எல்லைக்குச் சற்று மேலே அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்கின்றன. காற்று அள்ளிவரும் மணல் அவற்றில் தடுக்கி விழுகிறது. மூட மூடக் கொடி மேலேறிப் புதுவேர் விடுகிறது. மேடு வளர்வது இப்படித்தான். புயல் அலை ஊருக்குள் வராமல் முதலில் அடி வாங்குவது இந்த மணல். இதற்குள் தேங்கும் மழைநீர்தான் பின்னாலிருக்கும் கிணறுகளில் உப்பு ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. உப்பையும் வெயிலையும் தாங்கும் அடும்பு, ஓயாத மிதியைத் தாங்காது. ஒரே தடத்தில் ஆட்கள் குறுக்கே நடந்தால் கொடி அறுந்துபோகும். அங்கே காற்று புகுந்து தடத்தைப் பள்ளமாக்கும், பள்ளத்தை அகலமாக்கும்.

மணல்மேட்டை அழகுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மாற்றியமைக்கக் கூடாது என்றது 2011-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 2020 ஜனவரியில் நீலக் கொடிக் கடற்கரைகளுக்கு மத்திய அரசு சலுகை தந்தது: உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் கழிப்பறை, உடைமாற்றும் அறை, இருக்கை, விளக்கு எல்லாம் வைக்கலாம். தாளில் பார்த்தால் நியாயமான இடைவெளி. மேடு உயிரோடிருக்கும் கரையில் அந்தப் பத்தாவது மீட்டர் பெரும்பாலும் அடும்பு படரும் இடமேதான்! வேடிக்கை என்னவென்றால், தொல்லை தராத வரை கரையொதுங்கும் கடற்பாசியை அப்படியே விடச் சொல்கின்றன நீலக் கொடி விதிகள். நம்மூரில் சுத்தம் என்றால் தலைவாரியது போல இருக்க வேண்டும்.

அதற்காக வேலி போட்டு ஆட்களை நிறுத்துவதும் சரிவராது. முதலில் வெளியே நிற்கப்போவது படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் அந்த மணலையே நம்பியிருக்கும் மீனவர்கள். எல்லோரும் எங்கும் நடக்காமல், மேட்டுக்கு மேலே தூண்களில் நிற்கும் ஒன்றிரண்டு மரப்பாதைகளில் நடக்க வைப்பதே வழி. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது. பாதை அவசியம்தான், கடலையொட்டிய கடைசிப் பகுதியை மழைக்காலத்துக்கு முன் கழற்றி வைக்கும்படி அமைத்தால் போதும்.

விளக்கு வேறு விஷயம். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிறது. பொரித்த குஞ்சு வெளிச்சத்தைக் கடலென்று நம்பிச் சாலைப் பக்கம் போகிறது. அந்தப் பருவம் தொடங்கிக் கடைசிக் குஞ்சு கடல் சேரும் வரை இரவில் விளக்கை அணைத்தே ஆக வேண்டும்; அதில் பேரத்துக்கு இடமில்லை. நீலக் கொடியை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது தண்ணீர்ச் சோதனை முடிவோடு மேட்டின் உயரத்தையும் அடும்பு படர்ந்த பரப்பையும் அளந்து காட்டச் சொல்லலாம். இரண்டும் சுருங்கியிருந்தால், எத்தனை கழிப்பறை கட்டியிருந்தாலும் கொடியை இறக்கிவிட வேண்டும்.