அந்தி வெளிச்சத்துக்கு ஒரு ஸ்கோப்

விஸ்கான்சினில் நவம்பர் மான் வேட்டைப் பருவம் நெருங்கும்போது, துப்பாக்கிக் கடைகளில் 3-9x40 என்று அச்சிட்ட ஸ்கோப் பெட்டிகள் அடுக்கடுக்காக வந்துவிடும். உருவத்தை மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கலாம், முன்புற லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். ஏறக்குறைய அதே விலைக்குப் பக்கத்தில் 6-24x50 ஒன்றும் இருக்கும். முதல் ரைபிளுக்கு ஸ்கோப் தேடுபவர்களின் கை பெரும்பாலும் அந்தப் பெரிய எண்ணுக்குத்தான் நீளும். மலிவு விலையில் அதை வாங்காதீர்கள்.

வெள்ளைவால் மான் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். அந்த மங்கல் வெளிச்சத்தில் நம் கண்மணி ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது குறையும். ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலத்தைக் கணக்கிட, லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் போதும். 40 மில்லிமீட்டர் லென்ஸை ஆறு மடங்கில் வைத்தால் 6.7 கிடைக்கும், கண்ணுக்கு அது நிறைவு. 24 மடங்கில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் தருவது இரண்டுதான். காசு கொடுத்து வாங்கிய அந்த 24, மான் வரும் நேரத்தில் இருட்டாகிவிடும். அதன் மறுமுனையும் உதவாது: புதர்க்காட்டில் முப்பது கஜத்தில் மான் நின்றால், குறைந்தபட்ச ஆறு மடங்கிலேயே பழுப்பு ரோமம்தான் தெரியும், தோள் எங்கே என்று தேட வேண்டும்.

.308 போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் II 3-9x40 பொருத்திப் பார்த்தேன். 200 டாலருக்குள் கிடைக்கக்கூடியது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 3.8 அங்குல இடைவெளி தருகிறது. .308-இன் பின்னுதைப்பில் புருவம் கிழியாமல் இருக்க அந்த இடைவெளி மிக முக்கியம். மூன்று மடங்கில் 100 கஜத்தில் சுமார் 34 அடி அகலம் தெரிகிறது. மரங்களுக்கிடையே நகரும் மானை விடாமல் பின்தொடர முடிகிறது. பில் இல்லாவிட்டாலும், கைமாறி வாங்கியிருந்தாலும் செல்லும் வாழ்நாள் உத்தரவாதம் இந்த விலையில் பெரிய பலம்.

இதிலேயே குறுக்குக்கோட்டின் கீழ் தூரக் குறிகள் கொண்ட வகையும் உண்டு. நான் எளிய குறுக்குக்கோட்டையே பரிந்துரைப்பேன். அந்தக் குறிகளின் அளவு ஒன்பது மடங்கில் வைத்தால் மட்டுமே சரியாக இருக்கும். அந்தியில் ஆறுக்கு இறக்கினால் கணக்கு மாறிவிடும். 150 கிரெய்ன் தோட்டா 100 கஜத்தில் சுமார் இரண்டு அங்குலம் மேலே படும்படி வைத்துக்கொண்டால், 200 கஜம் வரை மானின் மார்பை நேராகவே குறிவைக்கலாம்.

இன்னும் நூறு டாலர் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் லியுபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9x40 இருக்கிறது. எடை 12.2 அவுன்ஸ், கிராஸ்ஃபயர் சுமார் 15. மலையில் நாள் முழுக்க நடப்பவருக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும். மரத்தில் கட்டிய மேடையில் உட்கார்ந்து காத்திருப்பவர் அந்த நூறு டாலரை ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து வைக்கும் நல்ல வளையங்களுக்கும் பயிற்சித் தோட்டாக்களுக்கும் செலவிடட்டும்.

வளையத் திருகுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டுக்கு இறுக்குங்கள். கைக்கணக்கில் இறுக்கினால் குழாய் நசுங்கும், அல்லது சில தோட்டாக்களிலேயே ஸ்கோப் நகரும். குறி ஒரு சாண் பின்னால் போனால் நுரையீரலில் பாய வேண்டிய தோட்டா வயிற்றில் பாயும். அந்த மான் மணிக்கணக்கில் துடிக்கும். அதற்கு நாம்தான் பொறுப்பு. எனவே எந்த விலை ஸ்கோப்பானாலும் காட்டுக்குள் போகும் முன் சதுரச் சோதனை செய்தே ஆக வேண்டும்.

ரைபிளை மணல்மூட்டையில் ஊன்றி 100 கஜத்தில் சுடுங்கள். பிறகு ஸ்கோப்பின் சரிசெய்யும் குமிழ்களை 20 கிளிக் மேலே, 20 வலம், 20 கீழே, 20 இடம் என்று திருகி, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியைக் குறிவைத்துச் சுடுங்கள். ஒரு கிளிக் கால் அங்குலம் என்பதால் ஐந்து அங்குலச் சதுரம் கிடைக்க வேண்டும். கடைசித் தோட்டா முதல் துளையின் அருகே விழ வேண்டும். நான் பொருத்திய கிராஸ்ஃபயர் இதில் தேறியது. தேறாததை, கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.